தபால்காரரின் குறட்டை

கொக்கு ஜெயித்தவற்றை அவள் ஜெயித்த வரிசையிலேயே சொல்லிவிடலாம். எட்டாம் மாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது டாக்டர் கையை விரித்துவிட்டார், பிழைத்துக்கொண்டாள். ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் குட்டை. நடப்பது கஷ்டம் என்றார்கள். நடந்தாள். நடந்ததோடு விடாமல் அந்தக் குட்டைக் காலிலேயே நின்று மற்றதை மடக்கித் தூக்கிக் காட்டி, கொக்கு என்ற பட்டப்பெயரையும் வாங்கிக்கொண்டாள். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டு மூன்றாம் முறை கரையேறினாள். அப்பா போன பிறகு துணிக்கடையில் மடித்து அடுக்கும் வேலை பார்த்துக்கொண்டே யோகா படித்து முடித்தாள். கால் சரியில்லாத பெண்ணை ஆசிரியையாக வைத்தால் எவன் வருவான் என்று முகத்துக்கு நேராகக் கேட்ட ஜிம்காரர், பிற்பாடு மாடி ஹாலின் சாவியைத் தானாகவே கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்.

இதையெல்லாம் அவள் வாயால் சொல்ல மாட்டாள். அண்ணன் சொல்வான். கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான். கார், பைக் இருக்கைகளுக்கு உறை தைக்கிற சின்னக் கடை அவனுடையது. ஒரு தையல் கோணினால் மொத்தத்தையும் பிரித்து மறுபடி தைக்கிறவன். அவன் தைத்து முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் உறையோடு தங்கையின் கதையையும் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

ஆனால் அவள் கடைசியாக ஜெயித்த ஒன்றை மட்டும் அவன் கடையில் யாரிடமும் சொன்னதில்லை. அதை ஜெயித்தது என்று சொல்லலாமா என்பதே அவனுக்குக் குழப்பம்.

அவளுடைய காலை வகுப்பு அந்த மாடி ஹாலில்தான் நடந்தது. கீழே இரும்பு தூக்குகிறவர்களின் சத்தம் மேலே ஏறாமல் இருக்கப் பழைய விரிப்புகளைத் தரை முழுக்கப் போட்டிருந்தாள். ஜன்னல்களுக்குக் கனமான திரை. சீட் துணியில் மிஞ்சிய துண்டுகளை வைத்து, படுக்கும்போது கண்மேல் வைத்துக்கொள்ளச் சின்னச் சின்னத் தலையணைகளை அண்ணன் தைத்துக் கொடுத்திருந்தான். வகுப்பு முடிகிற நேரத்தில் எல்லோரும் மல்லாந்து படுத்துக் கைகால்களைத் தளர்த்திவிட்டுச் சும்மா கிடக்க வேண்டும். கடைசி ஓய்வு என்று அதற்குப் பெயர். பாதிப் பேர் அந்த ஓய்வுக்காகத்தான் வகுப்புக்கே வருகிறார்கள் என்று அவள் சிரிப்பாள்.

அந்த ஓய்வுக்கு ஒரு சட்டம் இருந்தது. யாரும் யாரையும் எழுப்பக் கூடாது. தூங்கினால் தூங்கட்டும், குறட்டை விட்டால் விடட்டும், மணி அடிக்கும்போது தானாக எழுந்துகொள்ளட்டும். ஓய்வில் இருக்கிறவரைத் தொட்டு எழுப்பினால் தூக்கிவாரிப் போடும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், செய்த பயிற்சி எல்லாம் வீண் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அவளும் அதையே கற்றுக்கொடுத்தாள்.

சட்டத்தை அதிகமாகப் பயன்படுத்திக்கொண்டவர் தபால்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எல்லோருக்கும் அவர் தபால்காரர்தான். ஆயுசு முழுக்க சைக்கிள் மிதித்த முழங்காலுக்கு மருந்தாக வகுப்பில் சேர்ந்தார். ஜன்னலோரம் அவர் இடம். படுத்துக் கொஞ்ச நேரத்திலேயே குறட்டை கிளம்பிவிடும். பக்கத்து விரிப்பில் படுக்கும் வங்கிக்காரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் வயிறு குலுங்கக் கிடப்பாள். வகுப்பு முடிந்ததும் அவரைச் சுற்றிக்கொண்டு கேலி செய்வார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "அது குறட்டை இல்லம்மா, வண்டிய நிறுத்தி ஸ்டாண்டு போடுற சத்தம்" என்பார்.

அன்று காலையும் அவர் வந்தார். முழங்கால் தேவலை, தோள்தான் கொஞ்சம் பிடித்த மாதிரி இருக்கிறது என்று சொன்னார். தோளுக்கு லேசான அசைவுகளை மட்டும் செய்யச் சொல்லிவிட்டுக் கொக்கு வகுப்பை நடத்தினாள். கடைசி ஓய்வு வந்தது. திரையை இழுத்துவிட்டாள். எல்லோர் கண்ணிலும் தலையணை. ஹால் அடங்கியது. சற்றுப் பொறுத்து ஜன்னலோரத்திலிருந்து குறட்டை.

வங்கிக்காரம்மா தலையணையை எடுத்துவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அன்றைக்கு அவள் வயிறு குலுங்கவில்லை. இவரைத் தட்டட்டுமா என்று கையால் ஜாடை கேட்டாள். கொக்கு உதட்டின்மேல் விரலை வைத்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். வங்கிக்காரம்மா மறுபடி படுத்துக்கொண்டாள். குறட்டை விட்டு விட்டு வந்தது. பிறகு நின்றுபோனது. நல்ல தூக்கம் போலிருக்கிறது என்று கொக்கு நினைத்தாள்.

மணி அடித்தாள். எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள், அவரைத் தவிர.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னாள், நெஞ்சை அழுத்தினாள், ஆட்கள் வந்து ஏற்றிக்கொள்கிறவரை நிறுத்தவில்லை. வந்தவர்களில் ஒருவர், கடைசியாக மூச்சு எப்போது இருந்தது என்று கேட்டார். மணி அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடிகூடக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார் என்றாள். அவர் தன்னோடு வந்தவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்கு அப்போது புரியவில்லை. புரியாவிட்டாலும் மறக்கவில்லை.

தபால்காரர் திரும்பி வரவில்லை.

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. வயதான மனிதர், நிம்மதியான சாவு, தூக்கத்திலேயே போய்விட்டார், கொடுத்து வைத்தவர் என்றார்கள். ஜிம்காரர் ஒரு வாரம் கழித்து வகுப்பைத் திறந்துவிடலாம் என்றார். அவளுக்குத்தான் அந்தப் பார்வை நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. முதலுதவிச் சான்றிதழ் ஒன்று ஏற்கனவே அவளிடம் இருந்தது. ஒரு ஹாலில் நூறு பேரை உட்காரவைத்துப் பேசி, வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கு நாலு அழுத்து பொம்மையை அழுத்தவிட்டு, மாலையில் கொடுத்தனுப்பிய சான்றிதழ். கீழே கையெழுத்துப் போட்டிருந்தவர் அவள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அதைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, ஊரின் மறுகோடியில் ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் நடத்தும் பயிற்சிக் கூடத்தில் முதலிலிருந்து படிக்கப் போனாள்.

நர்ஸம்மா நறுக்கென்று பேசுகிறவர். இரண்டாம் நாள் பாடத்தில், இதயம் நின்ற பிறகும் சிலருக்குக் கொஞ்ச நேரம் ஓர் இழுப்பு வரும் என்று சொன்னார். பார்க்கிறவர்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி இருக்கும், குறட்டை மாதிரி கேட்கும், ஆனால் அது மூச்சு அல்ல. அதைக் கண்டதும் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும், அந்த நேரத்தில் தொடங்கினால்தான் ஆளைத் திருப்பிக் கொண்டுவர வழி அதிகம். கொக்கு எழுந்து வெளியே போனாள். மாலையில் அண்ணன் கடைக்கு வந்து, அவன் தைத்துக்கொண்டிருந்த சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, அது குறட்டையே இல்ல. அவர் போயிட்டிருந்தார். நான் வாயில விரல வச்சிக்கிட்டு நின்னிருக்கேன்."

அவன் அன்று மாலையே மாடி ஹாலுக்குப் போய்த் தான் தைத்த கண் தலையணைகளை எல்லாம் பையில் போட்டு எடுத்துவந்து, ஒவ்வொன்றாகத் தையல் பிரித்துப் போட்டான். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்துதான் செய்தான்.

தபால்காரரின் மனைவியிடம் இதைச் சொல்லியாக வேண்டும் என்று தங்கை ஒற்றைக்காலில் நின்றாள். அண்ணன் தடுத்துப் பார்த்தான். நிம்மதியாகப் போனார் என்று அந்த அம்மாள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அதையும் பிடுங்கப் போகிறாயா என்று கேட்டான். "அவங்க புருஷன் எப்படிப் போனாருன்னு அவங்களுக்குத் தெரியாம எனக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாது" என்றாள். கூடவே போனான்.

அந்த அம்மாள் வாசலில் நிற்கவைக்காமல் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கூடத்தில் சைக்கிள் சுவரோடு சாய்ந்து நின்றது. கொக்கு ஒன்று விடாமல் சொன்னாள், வங்கிக்காரம்மா ஜாடை கேட்டதையும் தான் விரலை வைத்ததையும் சேர்த்து. கேட்டு முடித்த அந்த அம்மாள் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் பக்கத்துல படுத்திருந்தா முழங்கையால ஒரு இடி இடிச்சிருப்பேன். வருஷக்கணக்கா அதான் பண்ணிட்டிருந்தேன். அவருக்கு விலாவுல அந்த இடம் காய்ச்சுப் போயிருக்கும்" என்றார். பிறகு, "உங்களுக்கெல்லாம் மரியாதை ஜாஸ்தி. போயிட்டு வாங்க" என்றார்.

அந்தக் கடைசிச் சொல்லில் கோபம் இருந்ததா என்று வழியெல்லாம் அண்ணன் யோசித்தான். இருந்தது என்றுதான் தோன்றியது.

கொக்கு மறுபடி மாடி ஹாலைத் திறக்கவில்லை. நர்ஸம்மாவிடம் படித்து முடித்து, தேர்வெழுதி, அங்கேயே பயிற்சியாளர் ஆனாள். யோகா ஆசிரியைகளும் ஜிம் மாஸ்டர்களும்தான் அவள் மாணவர்கள். பயிற்சிப் பொம்மையில் ஒன்று பாதி நாள் வீட்டுக்கு வந்துவிடும், ஜிம் மாஸ்டர்கள் அழுத்துகிற அழுத்தில் அதன் நெஞ்சுத் தோல் அடிக்கடி கிழியும், அண்ணன்தான் தைத்துக் கொடுக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாத அந்தப் பொம்மையைக் கூடத்து நாற்காலியில் உட்காரவைத்தால் வருகிறவர்கள் திடுக்கிடுகிறார்கள் என்று, அப்பாவின் பழைய சட்டை ஒன்றை அம்மா அதற்கு மாட்டிவிட்டாள்.

"இத்தன வருஷம் தேடி ஒருவழியா ஒரு மாப்பிள்ள வீட்டுக்கு வந்திருக்காரு. ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேங்கிறாரு" என்பாள் அம்மா.

"வாய தொறந்துதானம்மா வச்சிருக்காரு. நீதான் ஊத்தல" என்பாள் கொக்கு.

அந்த வீட்டில் அப்போது கேட்ட சிரிப்பு அவ்வளவுதான்.

வகுப்பில் அவளுக்குப் பெரிய தலைவலி ஜிம் மாஸ்டர்கள் அல்ல. அவர்கள் பொம்மையைப் பகையாளி மாதிரி அழுத்தினாலும் கணக்குக்குள் கொண்டுவந்துவிடலாம். யோகா ஆசிரியைகள்தான் மாட்டேன் என்றார்கள். ஆள் கிடக்கிறார், தோளைப் பிடித்து உலுக்கிக் கத்திக் கூப்பிடுங்கள் என்றால், தொட்டிலில் தூங்கும் குழந்தையைத் தொடுவது போல இரண்டு விரலால் தொட்டு, "சார்... சார்..." என்று காதோரம் கொஞ்சுவார்கள். வருஷக்கணக்காக மெல்லப் பேசிப் பழகிய தொண்டை. கொக்கு அவர்களை நடுவில் நிறுத்தி ஒருத்தர் மாற்றி ஒருத்தரைக் கத்த வைப்பாள். "மரியாதை பாக்காதீங்க. செத்துப் போறவருக்கு மரியாதை எதுக்கு?" என்பாள். அவளைத் தெரிந்த யாரும் அவள் இப்படிப் பேசுவாள் என்று நம்ப மாட்டார்கள்.

எல்லாம் சொல்லிக் கொடுத்தாள், ஒன்றைத் தவிர எல்லாம் செய்தாள். பயிற்சி முடித்தவர்களின் சான்றிதழில் பயிற்சியாளர் கையெழுத்துப் போட வேண்டும். இவருக்கு இது தெரியும், இவரை நம்பி ஓர் உயிரை ஒப்படைக்கலாம் என்று அந்தக் கையெழுத்துக்குப் பொருள். கொக்கு போடவில்லை. முதல் குழுவுக்கு, பழகட்டும் சிஸ்டர் என்று தள்ளிவிட்டாள். நர்ஸம்மா தானே வந்து தேர்வு வைத்துப் போட்டார். அடுத்த குழுவுக்கும் அதேதான், அதற்கடுத்த குழுவுக்கும் அதேதான்.

காரணத்தை அண்ணனிடம் மட்டும் சொன்னாள். உலுக்கிப் பார், எழுந்திருக்கவில்லை என்றால் தொடங்கு என்பதுதான் பாடம். அது நடுத்தெருவில் விழுந்தவருக்குச் சரி. ஓய்வில் ஒரு ஹால் நிறையப் பேர் கண்ணை மூடிக் கிடக்கும்போது யாரை உலுக்குவது?

"உலுக்கணும்னு தோணுறதுக்கு முதல்ல சந்தேகம் வரணும் அண்ணா. எனக்கு வரலையே. இவங்களுக்கு வரும்னு நான் எத வச்சிக் கையெழுத்துப் போடுவேன்?"

அந்தச் சந்தேகத்தை அவர்கள் காதில் ஏற்ற அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஜன்னலோரத்தில் அன்று கேட்ட சத்தத்தைத் தன் தொண்டையிலேயே கொண்டுவரப் பழகினாள். வேலை முடிந்து வந்து உள்ளறையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தாடையைத் தளர்த்தி, இழுத்து, விட்டு, நிறுத்தி, மறுபடி இழுப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் அண்ணன் பொம்மையைத் தைத்துக்கொண்டிருப்பான். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் அவன் ஊசி நின்றுவிடும். அம்மா முதல் நாள் பதறியடித்து ஓடிப்போய்ப் பார்த்தாள். அடுத்த நாள் முதல் அந்த நேரத்துக்குக் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் துலக்கத் தொடங்கினாள், கழுவிய பாத்திரத்தையே மறுபடியும்.

தத்ரூபமாக வந்தது. ஆனால் பயன்படவில்லை. வகுப்பில் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, கொஞ்சம் குறட்டையும் கொஞ்சம் அந்த இழுப்புமாக மாற்றி மாற்றிச் செய்து, எப்போது சந்தேகம் வருகிறதோ அப்போது கையைத் தூக்குங்கள் என்பாள். குறட்டைக்குப் பாதிப் பேர் தூக்குவார்கள். இழுப்புக்குப் பாதிப் பேர் சும்மா கிடப்பார்கள். அவள் போட்ட குறட்டை குறட்டையாக இல்லை, அதுவும் இழுப்பின் தம்பி மாதிரியே இருந்தது. யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்ற முடிவுக்கு அவள் வந்துவிட்டாள். ஒருவிதத்தில் அந்த முடிவு அவளுக்கு ஆறுதலாகவும் இருந்திருக்க வேண்டும். ஆனால் கையெழுத்துக்கு அது உதவவில்லை.

கடைசியில் நர்ஸம்மா பொறுமை இழந்தார். இந்தக் குழுவுக்குத் தான் போடப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். சான்றிதழ் இல்லாவிட்டால் இந்தப் பன்னிரண்டு பேரையும் எந்த ஜிம்மிலும் உள்ளே விட மாட்டார்கள். "ஒண்ணு, அவங்களுக்குத் தெரியும்னு போடு. இல்ல, தெரியாதுன்னு எழுதிக் குடு. ரெண்டும் முடியலன்னா நீ சொல்லிக்குடுக்கவே கூடாது" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்று அண்ணனுக்கே பட்டது. கொக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுவிடத் தீர்மானித்தாள். மறுபடி துணிக்கடைக்கே போய்விடுகிறேன் என்றாள். அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த நாளில்கூட அண்ணன் அப்படிப் பயந்ததில்லை.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் தபால்காரரின் மனைவி வீட்டுக்கு வந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. கதவைத் திறந்த அம்மா, முன்பின் பார்த்ததில்லை என்றாலும் யார் என்று சொல்லாமலேயே புரிந்துகொண்டு விலகி நின்றாள். அந்த அம்மாள் நாற்காலியில் சட்டை போட்டு உட்கார்ந்திருந்த பொம்மையைப் பார்த்தார், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். உள்ளேயிருந்து வந்த கொக்கு வாசற்படியைத் தாண்டவில்லை.

"வங்கிக்காரம்மா சொன்னா" என்று தொடங்கினார். அவள் தம்பி மனைவி கொக்கிடம் பயிற்சிக்கு வருகிறாளாம். "அவர் கடைசியா போட்ட சத்தத்த நீ வகுப்புல போட்டுக் காட்டுறியாமே."

கொக்கு ஆமாம் என்றாள்.

"ஊருக்கெல்லாம் காட்டுற. எனக்கு ஏன் காட்டல?"

அண்ணன் குறுக்கே விழுந்து, அது பாடத்துக்காகச் செய்வது, கேலிக்கு இல்லை என்று ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தான். அந்த அம்மாள் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நீ இருப்பா. நான் சண்டைக்கு வரல. அவர் கூட அத்தன வருஷம் இருந்திருக்கேன். கடைசிச் சத்தம் யார் யாரோ கேட்டாச்சு. நான் கேக்கல" என்றார்.

கொக்கு தரையில் படுத்தாள். தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துத் தாடையைத் தளர்த்தினாள். அடுப்படி வாசலில் அம்மா குழாயைத் திறக்கப் போகாமல் அப்படியே நின்றாள்.

சத்தம் வந்தது. முரட்டு இழுப்பு ஒன்று. ஒன்றும் இல்லை. மறுபடி ஒன்று, அதைவிடச் சின்னதாக. வாய் மீனின் வாய் போலத் திறந்து மூடியது. நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒன்று. அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, மடியில் கையைக் கோத்துக்கொண்டு கேட்டார். கொக்கு கடைசி இழுப்பை இழுத்து நிறுத்தி, எழுந்து உட்கார்ந்தாள்.

"இது அவர் குறட்ட இல்ல" என்றார் அந்த அம்மாள்.

"குறட்டை மாதிரிதாம்மா கேக்கும், ஆனா..."

"மாதிரியும் இல்ல. அவர் குறட்ட எனக்குத் தெரியாதா? அது ஏறும். மேட்டுல சைக்கிள் ஏறுற மாதிரி மூச்சு முட்ட முட்ட ஏறும். உச்சிக்குப் போய் நிக்கும். அப்புறம் இறங்கும்போது விசில் அடிக்கும். ஒவ்வொரு தடவையும் விசில் அடிக்கும். அந்த விசில் வந்தப்புறம்தான் எனக்குத் தூக்கம் வரும்."

சொல்லிப் பார்த்துப் போதாமல் செய்துகாட்டப் பார்த்தார். முதலில் வரவில்லை. வெட்கப்பட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி செய்தார். வந்தது. தொண்டையின் அடியிலிருந்து படிப்படியாக ஏறி, நின்று, உதட்டோரத்தில் மெல்லிய விசிலாக இறங்கியது. திரும்ப ஏறியது. மூன்றாம் முறை ஏறும்போது அழுகையில் உடைந்துபோனது. அம்மா வந்து அவர் தோளில் கை வைத்தாள்.

கொக்கு அழவில்லை. பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா. விசில் இருக்கும். தினமும் இருக்கும்" என்றாள் மெல்ல. "அன்னிக்கு விசில் இல்ல. ஏத்தமும் இல்ல."

"இல்லல்ல?"

"இல்லம்மா. அப்ப... கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அந்த இடத்தில் ஒரு பொய் சொன்னால் போதும் என்று அண்ணனுக்குத் தோன்றியது. யாருக்குத் தெரியும், விதி, உன் மேல் என்னம்மா தப்பு என்று அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தங்கை தப்பிவிடுவாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெரிஞ்சிருக்கும்" என்றார் அந்த அம்மாள். "காது குடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

கொக்கு தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். அவர் கிளம்ப எழுந்தபோது கொக்குதான் பேசினாள். கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டாள். பிரித்துச் சொல்லவே முடியாது என்று நினைத்துத்தான் இத்தனை நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றதாகவும், முடியும் என்றால் சொல்லிக்கொடுக்கவும் முடியும் என்றும் சொன்னாள். அவர் குறட்டை தன் தொண்டையில் வராது. ஒரே ஒரு நாள் வகுப்புக்கு வர முடியுமா?

அந்த அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று, "எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணன்தான் போய் அவரை அழைத்துவந்தான். பயிற்சிக் கூடத்தில் பன்னிரண்டு பேரும் விரிப்பில் மல்லாந்து கண்ணை மூடிக் கிடந்தார்கள். ஒரு துணித் திரை கட்டி, அதன் பின்னால் அந்த அம்மாள் நாற்காலியிலும் கொக்கு தரையிலுமாக இருந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நர்ஸம்மாவும் அண்ணனும். பேசவோ சிரிக்கவோ கூடாது, சந்தேகம் வந்தவர் கையைத் தூக்க வேண்டியதில்லை, எழுந்து ஓடி வர வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

குறட்டை ஏறியது, விசிலடித்து இறங்கியது. ஒருத்தி களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டாள். மறுபடி ஏறியது, இறங்கியது. வெகுநேரம் அப்படியே. கேட்கக் கேட்க அண்ணனுக்கே கண் சொருகியது, அப்படி ஒரு நிம்மதியான சத்தம் அது. ஒரு மனிதர் திரைக்குப் பின்னால் தூங்குகிறார் என்றே நம்பிவிட்டான். பிறகு ஏறாமல் ஓர் இழுப்பு வந்தது. இரண்டாவது இழுப்புக்கு முன்னால் விரிப்புகள் கசங்குகிற சத்தம், ஓடுகிற கால்கள். காதோரம் கொஞ்சுகிறவள் என்று கொக்கு சலித்துக்கொண்ட ஆசிரியைதான் முதலில் திரையைத் தள்ளிக்கொண்டு போய், தரையில் கிடந்த கொக்கின் தோளைப் பிடித்து உலுக்கி, அந்தக் கட்டடமே அதிரக் கத்தினாள். அவள் பின்னால் மற்றவர்கள். ஒரே ஒரு ஜிம் மாஸ்டர் மட்டும் அசையாமல் கிடந்தார், உண்மையாகவே தூங்கிப்போயிருந்தார்.

முறை மாற்றி, இடம் மாற்றி, முதலிலேயே இழுப்பு, நடுவில் இழுப்பு, இழுப்பே இல்லாமல் வெறும் குறட்டை என்று எல்லாம் செய்து பார்த்தார்கள். வெறும் குறட்டைக்கு யாரும் எழவில்லை. ஜிம் மாஸ்டர் மட்டும் அடுத்த முறையும் தாமதித்தார். அந்த அம்மாளின் குரல் கட்டிப்போனது. போதும் என்று கையைக் காட்டினார். இவர்களில் எத்தனை பேருக்கு வந்தது என்று அவர் கேட்கவில்லை. கொக்கு அவர் கையைப் பிடிக்கப் போனபோது, அந்தக் கையை அவர் கொடுக்கவும் இல்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை. "தொண்ட எரியுது. வெந்நி குடிச்சாதான் ஆகும்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு வெளியே போய் வண்டியருகில் நின்றார். அவரை இறக்கிவிட்டபோது வாசற்கதவுக்கு அப்பால் சைக்கிள் தெரிந்தது. உள்ளே போகும்போது அவர் அதன் இருக்கையைத் தொட்டுவிட்டுப் போனார்.

அண்ணன் திரும்பி வந்தபோது நர்ஸம்மா மேசையில் சான்றிதழ்களை அடுக்கி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். கொக்கு முதலில் ஜிம் மாஸ்டரின் தாளைத் தனியாக எடுத்து வைத்து, அடுத்த குழுவோடு திரும்ப வரச் சொன்னாள். அவர் முகம் விழுந்துபோனது. அவள் மனம் இளகவில்லை. மற்றப் பதினோரு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். முகத்தை நிமிர்ந்து பார்த்தாள், வேண்டும் என்றே நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு குனிந்து, பட்டப்பெயர் இல்லாத தன் முழுப் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினாள். கண்ணிலிருந்து விழுந்தது தாளில் படாமல் இருக்க இடது கையை அணையாக வைத்துக்கொண்டே பதினொன்றையும் எழுதி முடித்தாள். நனைந்த கையை அவள் துடைத்துக்கொள்வதை அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றான். பெயருக்குக் கீழே தேதியையும் அவளே போட்டாள்: 2019 நவம்பர் 9, சனிக்கிழமை.